துரைமார் காலி செய்த வீட்டில் புத்தகங்கள்

2010-ஆம் ஆண்டின் இறுதியில் கொல்கத்தாவின் அலிப்பூர் பகுதியில், தேசிய நூலகம் முன்பு இயங்கிய பெல்வெடேர் மாளிகையைத் தொல்லியல் துறையினர் செப்பனிடத் தொடங்கினார்கள். கட்டடத்தைக் கணக்கெடுத்தபோது தரைத்தளத்தில் ஓர் அறை கணக்கில் சேராமல் நின்றது. ஏறத்தாழ ஆயிரம் சதுர அடி. கதவு இல்லை, ஜன்னல் இல்லை, மேல்தளத்திலிருந்து இறங்குவதற்குத் திறப்பும் இல்லை. ஒரு பக்கத்தில் வளைவு ஒன்று இருந்த தடம் மட்டும் தெரிந்தது. அதையும் யாரோ சுவர் எழுப்பி அடைத்திருந்தார்கள்.

செய்தி வெளியே வந்ததும் ஊர் கதை கட்ட ஆரம்பித்துவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் ஒளித்துவைத்த புதையல் என்றார்கள் சிலர். கைதிகளை உயிரோடு சமாதி வைத்த இடம் என்றார்கள் வேறு சிலர். ஏற்கெனவே அந்த மாளிகைக்குப் பேய்க் கதைகளில் நல்ல பெயர் உண்டு. இரவில் நடன மண்டபத்தில் இசை கேட்கிறது, ஆளுநர் வீட்டு அம்மையார் ஒருவர் புத்தகம் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடக்கிறார் என்பது போல. (நூலகப் பேய் என்றால் அதற்கும் அடுக்கு ஒழுங்காக இருக்க வேண்டும் போலிருக்கிறது.)

கடைசியில் துளை போட்டுப் பார்த்தார்கள். உள்ளே மண். அடி முதல் முடி வரை மண்ணைக் கொட்டி நிரப்பியிருந்தார்கள். கட்டடத்தின் அடித்தளத்துக்கு வலு சேர்ப்பதற்காக அப்படிச் செய்திருக்கலாம் என்று வல்லுநர்கள் சொன்னதோடு பரபரப்பு அடங்கிவிட்டது.

எனக்கு என்னவோ புதையலைவிட மண்தான் சுவாரசியமான கண்டுபிடிப்பாகப் படுகிறது. நிற்பதற்கே முட்டுக் கேட்ட ஒரு வீட்டில்தான் இந்தியாவின் மிகப் பெரிய நூலகம் ஐம்பது ஆண்டுக்கு மேல் குடியிருந்தது. எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பதைப் பார்த்தால், நூலகங்களை எழுப்பிய அக்கறையைவிட, அரசாங்கம் இடம் மாறிய வரலாறுதான் அதிகம் தெரிகிறது. கொல்கத்தாவில் இந்த நூலகம் பெரிதாக இடம் மாறிய இரண்டு முறையும், அதிகாரம் காலி செய்துவிட்டுப் போன வீட்டுக்கே அது குடிபோனது.

பெல்வெடேருக்கு முன்னால் நூலகத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1835-இல் சார்லஸ் மெட்காஃப் தற்காலிக கவர்னர் ஜெனரலாக இருந்தார். பத்திரிகைகள் மீதிருந்த கட்டுப்பாடுகளை அவர் நீக்கினார். லண்டனில் அவருடைய எஜமானர்களுக்கு அது பிடிக்கவில்லை. கல்கத்தாவில் படித்தவர்களுக்குப் பிடித்தது. அதே ஆண்டில் நகரத்தார் கூடி ஒரு பொது நூலகம் வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். 1836-இல் கல்கத்தா பொது நூலகம் பிறந்தது. அரசு நிறுவனம் இல்லை. பங்குதாரர்கள் பணம் போட்டு நடத்தியது. முந்நூறு ரூபாயை ஒரே தடவையாகவோ மூன்று தவணையாகவோ கட்டினால் ஒருவர் உரிமையாளர் ஆகலாம். முதல் உரிமையாளர் துவாரகநாத் தாகூர், ரவீந்திரநாத்தின் தாத்தா. வெள்ளையர்களும் வங்காளிகளும் ஒரே பட்டியலில் பெயர் எழுதிய அபூர்வமான இடங்களில் ஒன்று அது. கோட்டை வில்லியம் கல்லூரி நூலகத்திலிருந்து 4,675 நூல்களை மெட்காஃப் அதற்கு மாற்றிக் கொடுத்தார்.

அந்தக் காலத்து முந்நூறு ரூபாய் எளிய தொகை இல்லை. ஆனாலும் பணமில்லாத மாணவர்கள் குறிப்பிட்ட காலத்துக்குக் கட்டணம் இல்லாமல் படிக்கலாம் என்ற ஏற்பாடும் அந்த நூலகத்தில் இருந்தது. 'பொது' என்ற சொல்லுக்குள் யார் யார் அடக்கம் என்ற வழக்கு இந்தியாவில் இங்கிருந்தே தொடங்குகிறது என்று சொல்லலாம்.

முதலில் எஸ்பிளனேடில் ஒரு மருத்துவரின் வீடு, பிறகு கோட்டை வில்லியம் கல்லூரி என்று அது இடம் மாறியது. 1844-இல் ஸ்ட்ராண்ட் சாலையில் ஹூக்ளிக் கரையோரம் எழுந்த மெட்காஃப் மண்டபத்துக்கு வந்தது. மெட்காஃபுக்கு நன்றியாக மக்கள் பணம் திரட்டிக் கட்டிய கட்டடம். கிரேக்கக் கோயில் மாதிரி; உயரமான மேடை, சுற்றிலும் கொரிந்தியத் தூண்கள் முப்பது. மேல்மாடியில் நூலகம், கீழே வேளாண் தோட்டக்கலைச் சங்கம். இந்த நெடுங்கதையில் நூலகத்தை மனத்தில் வைத்து எழுப்பிய கட்டடம் இது ஒன்றுதான். துணைக் கட்டடம் ஒன்றை விட்டால், அடுத்ததற்கு 160 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஒன்றிலும் நூலகத்துக்கு மாடிப் பகுதிதான்.

பங்குதாரர்களின் ஆர்வம் இரண்டு தலைமுறை தாங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நூலகம் நொடித்துப்போனது. இதற்கிடையில் 1891-இல் அரசாங்கம் கல்கத்தாச் செயலகத்தின் துறை நூலகங்களை ஒன்றாகச் சேர்த்து 'இம்பீரியல் நூலகம்' என்று பெயர் வைத்திருந்தது. அதில் நல்ல நூல்கள் இருந்தன. ஆனால் மேல்மட்ட அதிகாரிகளைத் தவிர மற்றவர்கள் நுழைய முடியாது. ஊரில் ஒரு நூலகத்துக்கு வாசகர் இருந்தார்கள், பணம் இல்லை. இன்னொன்றுக்குப் பணம் இருந்தது, வாசகர் இல்லை. 1899-இல் வைஸ்ராயாக வந்த கர்சன் இரண்டையும் இணைத்தார். பங்குதாரர்களின் உரிமைகளை விலைக்கு வாங்கி, அதற்காக 1902-இல் ஒரு சட்டமே இயற்றி, 1903 ஜனவரி 30 அன்று மெட்காஃப் மண்டபத்தில் புதிய இம்பீரியல் நூலகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தார்.

கர்சன் என்றால் வங்கப் பிரிவினைதான் நினைவுக்கு வரும், நியாயம்தான். ஆனால் பழைய கட்டடங்கள் மீதும் பழைய ஆவணங்கள் மீதும் அவருக்கு இருந்த பிடிப்பு போலியானது இல்லை. இந்தியாவைப் பற்றி எக்காலத்தில் எழுதப்பட்ட நூலானாலும் முடிந்தவரை இங்கே பார்க்கவும் படிக்கவும் கிடைக்க வேண்டும் என்பது புதிய நூலகத்தின் நோக்கமாக அறிவிக்கப்பட்டது. 'இந்தியாவைப் பற்றி' என்ற சொற்களில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்தியர்கள் தங்கள் மொழிகளில் எழுதியவை எல்லாம் என்று அங்கே சொல்லவில்லை. ஆளுகிறவன் தான் ஆளும் நாட்டை அறிந்துகொள்வதற்கான நூலகம் அது. அந்தத் திசை மாற அரை நூற்றாண்டு ஆயிற்று.

முதல் நூலகராக ஜான் மாக்ஃபார்லேன் பிரிட்டிஷ் மியூசியத்திலிருந்து வந்தார். அவருக்குப் பின் 1907-இல் ஹரிநாத் தே. முப்பத்து நான்கு மொழி அறிந்தவர் என்று அவரைச் சொல்வார்கள். 1911-இல் இறந்தபோது அவருக்கு வயதும் முப்பத்து நான்குதான்.

அதே 1911-இன் டிசம்பரில் டெல்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலைநகரை டெல்லிக்கு மாற்றுவதாக அறிவித்தார். கல்கத்தாவுக்கு அது இடி. நூலகத்துக்கோ, இரக்கமில்லாமல் சொன்னால், லாபம். தலைநகரம் போய்விட்டால் அரசாங்கக் கட்டடங்கள் காலியாகும். மெட்காஃப் மண்டபத்தில் நெருக்கடியில் கிடந்த நூலகம் 1923-இல் எஸ்பிளனேடில் வெளியுறவு, ராணுவச் செயலகம் இருந்த கட்டடத்துக்கு மாறியது. படைகளை நகர்த்திய மேசைகள் இருந்த இடத்தில் வாசகர்கள் உட்கார்ந்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அந்த இடத்தையும் விட்டுச் சித்தரஞ்சன் அவென்யூவில் ஜபாகுசும் மாளிகைக்குப் போக வேண்டியிருந்தது. ஜபாகுசும் என்பது தலையில் தேய்க்கும் எண்ணெயின் பெயர். அந்த எண்ணெயை விற்ற நிறுவனத்தின் கட்டடம் அது. பேரரசின் பெயர் தாங்கிய நூலகம் கூந்தல் தைலக்காரர் வீட்டில் தங்கிப் போரைக் கழித்தது. போர் முடிந்தபின் எஸ்பிளனேடுக்குத் திரும்பியது.

தலைநகரம் மாறியதால் காலியான இன்னொரு வீடு பெல்வெடேர்.

அலிப்பூர் அன்றைக்கு ஊருக்கு வெளியே தோட்ட வீடுகள் நிறைந்த பகுதி. பெல்வெடேரின் தொடக்கத்தைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் வங்காள நவாப் மீர் ஜாபரின் பெயர் அடிபடும். உறுதியாகத் தெரிவது, அது வாரன் ஹேஸ்டிங்ஸின் கையில் இருந்தது என்பதும், 1780-இல் அவர் அதை மேஜர் டாலி என்பவருக்கு விற்றார் என்பதும்தான். கங்கையின் பழைய கிளை ஒன்று தூர்ந்து கிடந்ததை வெட்டிப் படகு போகும் கால்வாயாக்கியவர் இந்த டாலி. டாலி நாலா, டாலிகஞ்ச் என்ற பெயர்களெல்லாம் அவரால் வந்தவை. டாலிகஞ்சில் ஸ்டுடியோக்கள் எழுந்து வங்காளத் திரையுலகத்துக்கு 'டாலிவுட்' என்று பெயர் வந்ததை நினைத்தால், கால்வாய் வெட்டியவருக்குக் கிடைத்த புகழ் வெட்டச் சொன்னவர்களுக்கும் கிடைக்கவில்லை.

அதே 1780-இல், ஆகஸ்ட் 17 அன்று, பெல்வெடேருக்குப் பக்கத்தில் ஹேஸ்டிங்ஸும் அவருடைய ஆட்சிக் குழு உறுப்பினர் பிலிப் பிரான்சிஸும் கைத்துப்பாக்கிகளோடு எதிரெதிரே நின்று சுட்டுக்கொண்டார்கள். ஓர் அரசாங்கத்தின் தலைவரும் அந்த அரசாங்கத்தின் உறுப்பினரும். பிரான்சிஸுக்குக் குண்டடி பட்டது, பிழைத்துக்கொண்டார். ஹேஸ்டிங்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை, அன்றைக்கு மட்டும். லண்டனுக்குத் திரும்பிய பிரான்சிஸ், நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க்குக்குத் தகவல்களை எடுத்துக்கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்த வழக்கு 1788 முதல் 1795 வரை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஹேஸ்டிங்ஸை வறுத்தெடுத்தது. கடைசியில் விடுதலை ஆனார், ஆனால் கையில் காசு தங்கவில்லை.

பிறகு வீடு பல கை மாறியது. 1854-இல் வங்காளத்துக்கென்று தனியாக லெப்டினன்ட் கவர்னர் பதவி உண்டானபோது, அந்தப் பதவிக்காரர் தங்குவதற்குக் கம்பெனி அதை வாங்கியது. அன்றைய வங்காள மாகாணம் பீகாரையும் ஒரிசாவையும் உள்ளடக்கிய பெரும் பரப்பு; அதை ஆண்டவர்களின் வீடு தோட்டவீடாக இருக்க முடியுமா? ஒவ்வொரு துரையும் ஒரு சிறகு, ஒரு தாழ்வாரம், ஒரு தூண் வரிசை என்று சேர்த்துக்கொண்டே போனார்கள். இன்று நாம் பார்க்கும் அகன்ற படிக்கட்டும் வெண்தூண்களும் ஒரே மனத்தில் உதித்த வடிவம் இல்லை. நம் ஊர்ப் பெரிய வீடுகளில் பேரன் காலத்தில் ஒரு முகப்பு, கொள்ளுப்பேரன் காலத்தில் ஒரு மாடி என்று சேர்வது போலச் சேர்ந்தது.

1912-இல் வைஸ்ராய் டெல்லிக்குப் போனார். லெப்டினன்ட் கவர்னர் பதவி ஒழிந்து வங்காளத்துக்கு முழு கவர்னர் வந்தார். மதராஸில் சில மாதங்களே கவர்னராக இருந்த கார்மைக்கேல்தான் அந்த முதல் கவர்னர். வைஸ்ராய் விட்டுப்போன பெரிய அரசு மாளிகையில் அவர் குடியேறினார். எனவே பெல்வெடேரில் ஆள் இல்லை. வைஸ்ராய் குளிர்காலத்தில், பெரும்பாலும் கிறிஸ்துமஸ் சமயத்தில், கல்கத்தாவுக்கு வந்தால் தங்கும் இடம் என்று அதை வைத்துக்கொண்டார்கள். ஆண்டுக்குச் சில வாரங்களுக்காக முப்பது ஏக்கர் தோட்டமும் ஒரு மாளிகையும். இப்படி முப்பத்தைந்து ஆண்டுகள்.

1947 வந்தது. வைஸ்ராய் என்ற பதவியே போய்விட்டது. 1948 ஜூனில் மவுண்ட்பேட்டன் புறப்பட்டபின் கவர்னர் ஜெனரல் நாற்காலியில் உட்கார்ந்தவர் ராஜாஜி. அதற்கு முன் பத்து மாதம் மேற்கு வங்க கவர்னராகவும் இருந்தவர். அவர் கவர்னர் ஜெனரலாக இருந்தபோதுதான் இம்பீரியல் நூலகம் சட்டப்படி 'தேசிய நூலகம்' ஆயிற்று. பெல்வெடேரும் அதற்குக் கொடுக்கப்பட்டது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மத்தியப் பட்டியலின் 62-ஆவது இனத்தில், தேசிய நூலகத்தின் பெயரைப் பொறித்தே எழுதியிருக்கிறார்கள். இந்திய அரசியல் சட்டத்தில் இப்படிப் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்ட நிறுவனங்கள் மிகச் சில. 1953 பிப்ரவரி 1 அன்று கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத் பெல்வெடேரில் நூலகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தார்.

அழைப்பில்லாமல் ஓர் இந்தியர் வாசலைத் தாண்ட முடியாத வீட்டில், கல்லூரி மாணவன் விண்ணப்பத் தாளை நிரப்பிவிட்டு விருந்து மண்டபத்தில் உட்கார்ந்து படித்தான். இதைவிடச் சுதந்திரத்துக்கு நேரடியான பொருள் விளக்கம் வேண்டியதில்லை என்று அன்று பலருக்கும் தோன்றியிருக்கும். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் நெகிழ்ச்சியை ஓரமாக வைத்துவிட்டுக் கட்டடத்தைக் கட்டடமாகப் பார்த்தால் கணக்கு வேறு விதமாக வருகிறது.

முதல் சிக்கல் எடை. புத்தகம் என்பது அடுக்கி வைத்த மரம். கையில் ஒன்று இருக்கும்போது தெரியாது. இன்றைய இந்தியக் கட்டட விதிகளின்படி குடியிருப்பு அறையின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கும்படி வடிவமைத்தால் போதும். நூலக அடுக்கறையின் தளமோ குறைந்தது 600 கிலோ தாங்க வேண்டும். அலமாரி உயர உயர இன்னும் கூடும். மூன்று மடங்கு. அதிலும் விருந்துக்கு வந்தவர்கள் இரவோடு இரவாகக் கிளம்பிவிடுவார்கள். புத்தகம் வந்தால் போவதில்லை, ஆண்டுதோறும் பெருகும். பெல்வெடேரின் மரத் தளங்களையும் உத்தரங்களையும் யாரும் இந்தச் சுமைக்காகக் கட்டவில்லை. தரைத்தளத்து அறையில் மண்ணை நிரப்பியவர்கள் யாராக இருந்தாலும், வீட்டின் பலவீனத்தை அறிந்தவர்கள்.

அடுத்தது வெளிச்சம். வெயிலுக்குப் பயந்து கட்டிய வீடு. அகன்ற தாழ்வாரங்களும் மர அடைப்புகளும் உள்ளே இருட்டையும் குளிர்ச்சியையும் காப்பதற்கானவை. சாய்வு நாற்காலியில் படுத்துக்கொள்ள ஏற்றது. பொடி எழுத்தைப் படிக்கிறவனுக்கு ஏற்றது இல்லை. கூரை எட்டாத உயரத்தில் இருப்பதால் காற்று வரும், ஆனால் அந்த உயரத்தில் அலமாரி வைக்க முடியாது. பாதி அறை வெறும் வெளி. கங்கைச் சமவெளியின் ஈரப்பதம் தனிக் கதை. காகிதத்துக்கு ஆகாத பூஞ்சைக்கும் செல்லுக்கும் கறையானுக்கும் கொல்கத்தா புகுந்த வீடு.

இதோடு தூரமும். எஸ்பிளனேடு நகரத்தின் நடுப்புள்ளி. டிராம்கள் வந்து திரும்பும் இடம். அலிப்பூரோ துரைமார் ஊர்ச் சந்தடியிலிருந்து விலகி இருக்கத் தேர்ந்தெடுத்த இடம். வாசலுக்கு எதிரே மிருகக்காட்சி சாலை. பல்கலைக்கழகமும் புத்தகக் கடைகளும் இருக்கும் காலேஜ் தெரு நகரத்தின் மறுபுறம். வைஸ்ராயின் வீட்டை வாசகனுக்குக் கொடுத்தார்கள். வாசகனிடமிருந்து நூலகத்தைச் சில மைல் தள்ளியும் வைத்தார்கள். பழைய செய்தித்தாள்களை நெடுங்காலம் எஸ்பிளனேடிலேயே வைத்திருந்தது இதற்கு ஒரு பரிகாரம் மாதிரி.

சென்னையில் எதிர்மாறாக நடந்தது. 1896-இல் திறந்த கன்னிமாரா நூலகத்தைப் பாந்தியன் சாலை வளாகத்தில் நூலகமாகவே கட்டினார்கள். நடுவில் உயர்ந்த கூடம், மேலிருந்து வரும் வெளிச்சம், பக்கச் சுவர்களில் மரவேலைப்பாடு. அதற்கும் ஒரு நாள் இடம் போதாமல் பக்கத்தில் புதுக் கட்டடம் எழுந்தது. எந்த நூலகமும் அதற்கென்று கட்டிய சட்டைக்குள் நெடுநாள் அடங்குவதில்லை. பெல்வெடேர் இரவல் சட்டை, அவ்வளவுதான்.

அந்தச் சட்டையை ஒரேயடியாகக் கிழித்தது 1954-ஆம் ஆண்டின் நூல்கள் வழங்கல் சட்டம். இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியையும் முப்பது நாளுக்குள் பதிப்பாளர் தன் செலவில் தேசிய நூலகத்துக்கு அனுப்ப வேண்டும். கன்னிமாரா உள்ளிட்ட வேறு நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும். 1956-இல் செய்தித்தாள்களையும் சேர்த்தார்கள். இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு வரி உண்டு. கொல்கத்தாவுக்கு அனுப்பும் படி, அந்த நூல் அச்சான தாள்களிலேயே மிகச் சிறந்த தாளில் அச்சாகி, படங்களும் வரைபடங்களும் சிறந்த படிகளில் உள்ளது போலவே அமைந்து, தைத்துக் கட்டியதாக இருக்க வேண்டும். கோயிலுக்கு முதல் கதிர் கொடுப்பது போன்ற எண்ணம். அனுப்பாவிட்டால் அபராதம்? ஐம்பது ரூபாய் வரை, அதோடு நூலின் விலை. சட்டம் எழுதியவர்கள் பக்தியை நம்பினார்கள், பதிப்பாளர்கள் ஐம்பது ரூபாயைப் பார்த்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். தமிழ்ப் பதிப்புலகத்தில் இந்தக் கடமையைத் தவறாமல் செய்கிறவர்களும் உண்டு, இப்படி ஒரு சட்டம் இருப்பதையே அறியாதவர்களும் உண்டு.

ஆனால் கர்சனின் 'இந்தியாவைப் பற்றி' என்பது இந்தச் சட்டத்தால் 'இந்தியாவில் எந்த மொழியில் வந்தாலும்' என்று மாறியது. சுதந்திரத்துக்குப் பின் நூலகத்தை நடத்திய பி. எஸ். கேசவனுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. ஒவ்வொரு மொழிக்கும் தனிப் பிரிவு ஏற்பட்டது. 1950-களின் பிற்பகுதியில், வந்து சேரும் நூல்களை வைத்து இந்திய தேசிய நூற்பட்டியல் வெளிவரத் தொடங்கியது. தனியார் சேகரிப்புகளும் வந்தன. அஷுதோஷ் முகர்ஜியின் குடும்பம் கொடுத்தவை மட்டும் ஏறத்தாழ 80,000 நூல்கள். வரலாற்றாசிரியர் சர் ஜதுநாத் சர்க்காரின் நூல்கள், கர்சன் காலத்திலேயே வந்த பூஹார் ஜமீனின் பாரசீக, அரபுக் கையெழுத்துப் படிகள் என்று பட்டியல் நீள்கிறது.

தமிழ் லெக்சிகன் பதிப்பாசிரியரும் சங்க நூல்களைத் தொகுத்துப் பதிப்பித்தவருமான எஸ். வையாபுரிப் பிள்ளையின் நூல்களும் சுவடிகளும் போய்ச் சேர்ந்த இடம் இதுதான். அவர் 1956-இல் காலமானார். வாழ்நாளெல்லாம் ஏடு தேடி அலைந்த ஒருவரின் சேகரிப்பு வைகைக்கும் தாமிரபரணிக்கும் வெகு தொலைவில், ஹேஸ்டிங்ஸ் விற்ற வீட்டுத் தோட்டத்தில் இருக்கிறது. அந்தச் சேகரிப்பு தமிழ்நாட்டில் இருந்திருக்கக் கூடாதா என்ற ஏக்கம் நியாயமானது. பாதுகாப்பாக ஓரிடத்தில் சேர்ந்தே இருக்கிறது என்பதும் மறுக்க முடியாதது. நம் ஊரில் புலவர்களின் புத்தகங்கள் அவர்கள் மறைவுக்குப் பின் எடைக்குப் போன கதைகள் நமக்குப் புதிதில்லை.

கொல்கத்தா நூலகத்தில் தமிழுக்கு இன்னொரு பங்கும் உண்டு. இது பலருக்கும் தெரியாதது. இத்தனை மொழி நூல்களை ஒரே பட்டியலில் அகர வரிசையில் அடுக்குவது எப்படி? எல்லாப் பெயர்களையும் ஒரே எழுத்தில், ரோமன் எழுத்தில், எழுதிக்கொண்டால்தான் முடியும். வடமொழிக்கு அறிஞர்கள் வகுத்த முறை ஏற்கெனவே இருந்தது. ஆனால் வடமொழியில் குறில் எகரமும் குறில் ஒகரமும் இல்லை. அதனால் அந்த முறையில் எ-வையும் ஏ-வையும் பிரித்துக் காட்டக் குறி கிடையாது. 'கொடு' என்றாலும் 'கோடு' என்றாலும் ஒரே எழுத்துக் கூட்டல். 'பெறு', 'பேறு' இரண்டும் அப்படியே. தமிழுக்கும் தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் மலையாளத்துக்கும் இது ஒத்துவராது. எனவே நெடிலுக்கு மேலே கோடு போட்டுக் குறிலை வெறுமனே விடும் முறை வந்தது. ழகரத்துக்கும் றகரத்துக்கும் னகரத்துக்கும் அடிக்கோடிட்ட எழுத்துகள் வந்தன. மொழியியலாளர்கள் இன்றும் அதைக் கொல்கத்தா தேசிய நூலக முறை என்றே அழைக்கிறார்கள். ஆங்கிலத்தில் அச்சான ஆய்வு நூலில் புறநானூற்றின் பெயரை மேல்கோடும் அடிக்கோடுமாகப் பார்க்கும்போது, கண்ணில் படுவது இந்த மாதிரி எழுத்துமுறைதான்.

பெல்வெடேர் தாங்கவில்லை. பக்கத்தில் துணைக் கட்டடம் எழுந்தது, அதுவும் நிரம்பியது. கடைசியில் அதே வளாகத்தில் 'பாஷா பவன்' என்ற புதுக் கட்டடத்தைக் கட்டி, 2004-இல் நூல்களை அங்கே மாற்றினார்கள். நூலகத்துக்கென்றே எழுந்த கட்டடம். உறுதியான தளம், செயற்கை வெளிச்சம், குளிர்சாதனம். பார்க்க அழகாக இருக்கிறது என்று சொன்னால் பொய். ஆனால் 22 லட்சத்துக்கு மேற்பட்ட நூல்களுக்கு அழகைவிட அடித்தளம் முக்கியம்.

மாளிகை மறுபடி காலியானது. தொல்லியல் துறை அதைச் செப்பனிட வந்ததும், கதவில்லாத அறையைக் கண்டதும் அதன்பிறகுதான். அரை நூற்றாண்டாகப் புத்தகம் நிறைந்திருந்தவரை யாரும் அந்த அறையைத் தேடவில்லை. 2020 ஜனவரியில் பிரதமர் நரேந்திர மோடி கொல்கத்தாவில் புதுப்பித்த நான்கு பழைய கட்டடங்களை நாட்டுக்கு அர்ப்பணித்தார். விக்டோரியா நினைவு மண்டபம், பழைய கரன்சி கட்டடம் ஆகியவற்றோடு மெட்காஃப் மண்டபமும் பெல்வெடேரும் அந்தப் பட்டியலில் இருந்தன. நூலகம் வளர்ந்த வீடும், வாழ்ந்த வீடும். இரண்டும் இப்போது பார்வையாளர்களுக்கான கட்டடங்கள்.

வையாபுரிப் பிள்ளையின் சுவடியைத் தேடிச் சென்னையிலிருந்து ரயிலேறிப் போகும் ஆய்வாளர், அலிப்பூரில் இறங்கி வளாகத்துக்குள் நடக்கும்போது வெண்தூண்களைப் பார்த்துக் கொஞ்சம் நிற்பார், படம் எடுப்பார். பிறகு அதைத் தாண்டிப் போய்ப் பாஷா பவனில் உறுப்பினர் அட்டையைக் காட்டி, நூல் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, அது வரும்வரை காத்திருப்பார்.